ஆளிவிதைப் பை

1860களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஆயில் கிரீக் என்னும் ஓடைக்கரையில் எண்ணெய்க் கிணறு போட்டவர்களிடம் ஒரு தோல் பை இருந்தது. பைக்குள் காய்ந்த ஆளிவிதை. கிணற்றுக்குள் இறக்கும் குழாயைச் சுற்றி அந்தப் பையை இறுக்கிக் கட்டுவார்கள். மேல்மட்டத்து நீரூற்றுகளுக்குக் கீழே, எண்ணெய் தங்கிய பாறைக்கு மேலே பை நிற்கும்படி குழாயை இறக்குவார்கள். ஆளிவிதையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வழவழவென்று ஊறி உப்பிவிடும். பை உப்பி, குழாய்க்கும் கிணற்றுச் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கை அடைத்துக்கொள்ளும். மேலேயிருந்து தண்ணீர் இறங்குவது நிற்கும். ‘சீட் பேக்’, அதாவது விதைப் பை என்று அதைச் சொன்னார்கள்.

இன்று எண்ணெய் வயல்களில் ‘ஸ்வெல் பாக்கர்’ என்று ஒன்றை இறக்குகிறார்கள். குழாயின்மேல் போர்த்திய பல அடி நீள ரப்பர் உறை அது. தண்ணீரோ எண்ணெயோ பட்டால் தானாக ஊறிப் பருத்து, கிணற்றுச் சுவரை இறுகப் பற்றிக்கொள்ளும். சில கிலோமீட்டர் ஆழத்திலும், வெந்நீரைவிடச் சூடான இடத்திலும் அது வேலை செய்யும். ஆளிவிதை போய் ரப்பர் வந்திருக்கிறது. யோசனை அதேதான்.

அப்படியானால் நூற்றைம்பது ஆண்டுகளில் என்னதான் மாறியது? அடைப்பது எப்படி என்பது அன்றைக்கே ஓரளவு தெரிந்திருந்தது. எங்கே அடைப்பது, எதை அடைப்பது, எந்தத் தண்ணீரை வரவிடுவது என்பதுதான் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொள்ளவே ஒரு நூற்றாண்டுக்குமேல் ஆயிற்று. இன்னும் கற்று முடியவில்லை.

எண்ணெய்க் கிணறு என்றதும் பூமிக்கடியில் ஒரு கறுப்பு ஏரி இருப்பதாகப் பலரும் நினைத்துக்கொள்கிறோம். ஏரியெல்லாம் கிடையாது. ஈர மணலில் தண்ணீர் நிற்பதுபோல, பாறையின் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் எண்ணெய் நிற்கிறது. அந்தத் துளைகளில் முதலில் குடியிருந்தது தண்ணீர்தான். கடலடியில் படிந்த வண்டலும் மணலும் பாறையானபோது உப்புநீர் உள்ளேயே சிக்கிக்கொண்டது. எண்ணெய் வேறோர் ஆழத்தில் உருவாகி, மெல்ல மேலேறி வந்து, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தது. எண்ணெய்க்குக் கீழேயும் பக்கத்திலும் பழைய குடியான தண்ணீர் காத்திருக்கிறது. எண்ணெயை எடுக்க எடுக்க, காலியான துளைகளுக்கு அது திரும்பி வருகிறது.

2000-ஆம் ஆண்டையொட்டி ஷ்லும்பெர்ஜர் நிறுவனத்தின் பொறியாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். உலகம் நாளொன்றுக்கு 7.5 கோடி பீப்பாய் எண்ணெய் எடுத்தது. அதனுடன் சேர்ந்து வெளியேறிய தண்ணீர் 21 கோடி பீப்பாய். ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஏறக்குறைய மூன்று பீப்பாய் தண்ணீர். அதைப் பிரிக்கவும் சுத்தம் செய்யவும் அப்புறப்படுத்தவும் ஆண்டுக்கு 4,000 கோடி டாலருக்கு மேல் செலவு. எண்ணெய்த் தொழில் என்று நாம் சொல்வது அளவில் பார்த்தால் உப்புநீர் இறைக்கும் தொழில்.

வயலில் வேலை செய்பவர்கள் ‘வாட்டர் கட்’ என்பார்கள். கிணற்றிலிருந்து வரும் திரவத்தில் தண்ணீர் நூற்றுக்கு எவ்வளவு என்பதே அது. 50 என்றால் ஒன்றுக்கு ஒன்று. 90 ஆனால் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு 9 பீப்பாய் தண்ணீர். 95 ஆனால் 19. 98 ஆனால் 49. 90-லிருந்து 98-க்குப் போவது காகிதத்தில் எட்டுப் புள்ளிதான். இறைக்கும் பம்புக்கும், பிரிக்கும் தொட்டிக்கும், மின்சாரக் கட்டணத்துக்கும் அது ஐந்து மடங்குக்கு மேல் பாரம். இந்தக் கணக்கின் கடைசிப் படிகளில்தான் கிணறுகள் சாகின்றன.

தண்ணீரின் எடையும் கிணற்றைக் கொல்லும். 2,000 மீட்டர் ஆழமுள்ள ஒரு கிணற்றை எடுத்துக்கொள்வோம். வாயு கலப்பதை விட்டுவிடலாம். குழாய் முழுக்க எண்ணெய் நின்றால் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 170 கிலோ அளவுக்கு அழுத்தும். தண்ணீர் நின்றால் 200 கிலோ. அடிப்பாறையின் சொந்த அழுத்தம் 185 என்று வைத்தால், எண்ணெய் தானாக மேலே பொங்கும். தண்ணீர் நிறைந்த மறுநாள் அதே கிணறு மூச்சடங்கிவிடும். பாறையில் எண்ணெய் இருக்கும், மேலே வர மட்டும் வழி இருக்காது.

இந்தத் தொல்லை தொழிலின் பிறப்போடு சேர்ந்தே பிறந்தது. டைட்டஸ்வில் ஊரருகே எட்வின் டிரேக் முதலில் கையால் தோண்டிப் பார்த்தார். குழியில் தண்ணீர் நிறைந்து, பக்கங்கள் சரிந்து, வேலை நின்றது. பிறகு இரும்புக் குழாயை மண்ணுக்குள் அடித்து இறக்கி, 32 அடியில் பாறையைத் தொட்டு, அதற்குள்ளிருந்து துளைத்தார். 1859 ஆகஸ்ட் 27 அன்று அறுபத்தொன்பதரை அடியில் எண்ணெய் தென்பட்டது. அந்த இரும்புக் குழாய் எண்ணெயைக் கொண்டுவரப் போட்டதல்ல. தண்ணீரைத் தடுக்கப் போட்டது. இன்று கேசிங் என்று நாம் சொல்வதன் முன்னோடி அதுதான்.

விதைப் பைக்கு ஒரு பெரிய குறை இருந்தது. குழாயைப் பழுது பார்க்க வெளியே எடுத்தால் பையும் கூடவே வந்துவிடும். மேலே தடுத்து வைத்திருந்த தண்ணீர் அத்தனையும் எண்ணெய்ப் பாறைக்குள் கொட்டும். தன் கிணறு மட்டும் கெட்டால் போகட்டும், அந்தத் தண்ணீர் பாறை வழியே பரவிப் பக்கத்துக்காரர் கிணற்றையும் மூழ்கடிக்கும். எண்ணெய் வற்றியதாக எண்ணிக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு போனவர்கள் ஊரையே கெடுத்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகுதான், 1860களின் பிற்பகுதியில், தண்ணீரைத் தடுப்பதற்கென்றே நிரந்தரமாக ஒரு குழாய், எண்ணெய் எடுக்க அதற்குள் இன்னொரு குழாய் என்று இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் வந்தது.

சிமென்ட் வந்த கதை 1903-இல் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவின் லாம்பாக் வயலில், எண்ணெய் மணலுக்குச் சற்று மேலே தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. யூனியன் ஆயில் கம்பெனியின் ஃபிராங்க் ஹில் 50 மூட்டை போர்ட்லாண்ட் சிமென்டைக் குழைத்து, அடியில் திறக்கும் வாளியால் கிணற்றின் அடியில் கொட்டினார். 28 நாள் காத்திருந்தார்கள். இறுகிய சிமென்டைத் துளைத்துக்கொண்டு கீழே போனபோது தண்ணீர் இல்லை, எண்ணெய் வந்தது. இருபத்தெட்டு நாள் துளையிடும் ரிக் ஒன்றைச் சும்மா நிறுத்தி வைப்பது இன்றைய எந்த மேலாளரும் நினைத்துப் பார்க்க முடியாத செலவு. அன்று அவ்வளவு பொறுமை இருந்தது, வேறு வழியும் இல்லை.

பிறகு பெர்கின்ஸ் என்பவர் சிமென்ட் குழம்புக்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் அடைப்பானை வைத்துக் குழாய் வழியே தள்ளும் முறையைக் கண்டார். அவரிடம் வேலை பார்த்த எர்ல் ஹாலிபர்ட்டன் ஓக்லஹோமாவுக்குப் போய், 1919-இல் டங்கன் என்ற ஊரில் சிமென்ட் போடும் தொழிலைத் தொடங்கினார். உலகம் முழுவதும் இன்று பெயர் தெரிந்த அந்த நிறுவனத்தின் முதல் மூலதனம், தண்ணீரை எண்ணெயிடமிருந்து பிரித்து நிறுத்தத் தெரிந்த கைதான். ஓக்லஹோமாவுக்குத் திரும்பவும் வருவோம்.

கலிஃபோர்னியா மாநில அரசு 1915-இல் எண்ணெய்க் கிணறுகளைக் கண்காணிக்கவென்றே ஓர் அதிகாரியை நியமித்தது. எண்ணெய் மணலுக்குள் தண்ணீர் புகுந்து வயல்கள் கெட்டுக்கொண்டிருந்ததே அதற்கு முக்கியக் காரணம். சிமென்ட் போட்ட பிறகு கிணற்றுத் தண்ணீரை வாளியால் இறைத்துவிட்டு, மறுபடி ஊறி ஏறுகிறதா என்று அரசு ஆள் முன்னால் காட்ட வேண்டும். ஊறினால் மேற்கொண்டு துளைக்க அனுமதி கிடையாது. நான் மிகவும் மதிக்கும் விதி இது. ஒருவர் கிணற்றுத் தண்ணீர் அவர் வீட்டு விஷயம் இல்லை என்பதை ஓர் அரசு அப்போதே புரிந்துகொண்டிருந்தது.

இவ்வளவும் செய்தபோதும் அன்றைய கிணற்றுக்காரர் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்தார். தண்ணீர் எந்த ஆழத்திலிருந்து வருகிறது என்பது ஊகம். அந்தக் கட்டு 1927 செப்டம்பர் 5 அன்று அவிழத் தொடங்கியது. பிரான்சின் அல்சாஸ் பகுதியில், பெஷெல்பிரான் வயலில், ஷ்லும்பெர்ஜர் சகோதரர்களின் ஆட்கள் ஒரு கிணற்றுக்குள் மின்கம்பியை இறக்கி, பாறை எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று மீட்டர் மீட்டராக அளந்து கையால் குறித்தார்கள். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், எண்ணெய் கடத்தாது. பாறையைக் கண்ணால் பார்க்காமலே உள்ளிருப்பது தண்ணீரா எண்ணெயா என்று சொல்ல வழி திறந்த நாள் அது. 1942-இல் ஷெல் நிறுவனத்தின் கஸ் ஆர்ச்சி, பாறைத் துளையில் எத்தனை பங்கு தண்ணீர் என்று அந்த அளவீட்டிலிருந்தே கணக்கிடும் சமன்பாட்டைத் தந்தார். இன்றும் அதைத்தான் முதலில் போட்டுப் பார்க்கிறார்கள்.

நடுவே, 1935-இல், மஸ்கட், வைகாஃப் என்ற இருவர் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார்கள். எண்ணெய்ப் பகுதியில் மட்டும் துளையிட்ட கிணற்றிலும், கீழே தொலைவில் இருக்கும் தண்ணீர் ஏன் வந்து சேர்கிறது? இதற்குப் பதில் நம் கடற்கரைக்காரர்களுக்குப் புதிதல்ல. வேதாரண்யம் பக்கத்து மணல்மேட்டிலும் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறையிலும் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. துலா வைத்து இறைத்த காலத்தில் கிணறு இனித்தது. மோட்டார் வைத்து வேகமாக உறிஞ்சியதும் அடியிலிருந்த உப்புநீர் கூம்புபோல மேலெழும்பி வாய்க்கே வந்துவிட்டது. எண்ணெய்க் கிணற்றிலும் இதுதான் நடக்கிறது. உறிஞ்சும் வேகம் ஒரு வரம்பைத் தாண்டினால் அடிநீர் குவிந்து மேலேறும். மஸ்கட்டும் வைகாஃபும் அந்த வரம்புக்குக் கணக்குச் சொன்னார்கள்.

கணக்குத் தெரிந்த பிறகும் வரம்புக்குள் நின்றவர்கள் குறைவு. பல வயல்களில் அந்த வரம்பு, கிணறு போட்ட செலவைக்கூட மீட்க முடியாத அளவுக்குக் குறைந்த வேகம். ஆகவே வேகமாக எடுத்தார்கள், தண்ணீர் வந்தது. வந்த பிறகு சிமென்டை அழுத்திச் செலுத்தினார்கள். கூம்பாக ஏறும் தண்ணீரைக் கிணற்று வாயில் சிமென்ட் பூசி நிறுத்த முடியாது. அது பூச்சைச் சுற்றிக்கொண்டு கொஞ்ச நாளில் மறுபடி வந்துவிடும். இப்படி வீணான சிமென்டுக்கும், போகிற போக்கில் அடைபட்டுப் போன நல்ல எண்ணெய்ப் பாறைக்கும் அளவே இல்லை.

1990களில்தான் இந்தத் துறையின் பேச்சு மாறியது. ‘எதைப் போட்டு அடைக்கலாம்’ என்பது பின்னால் போய், ‘இது எந்தத் தண்ணீர்’ என்பது முன்னால் வந்தது. குழாயில் விழுந்த ஓட்டை வழியாக வருகிறதா? குழாய்க்குப் பின்னால் சிமென்ட் சரியாகப் பிடிக்காத சந்து வழியாகவா? பாறையின் பிளவு ஒன்று நேராகத் தண்ணீர்ப் படுகையைத் தொடுகிறதா? ஓர் அடுக்கு மட்டும் எண்ணெய் தீர்ந்து தண்ணீராகிவிட்டதா? அடியிலிருந்து கூம்பாக ஏறுகிறதா? நோய் வேறு, மருந்து வேறு. குழாய் ஓட்டைக்குச் சிமென்ட் போதும். பிளவுக்குச் சிமென்ட் பயன்படாது, அதன் துகள்கள் நுண்ணிய சந்துகளில் நுழையாது. ஆழமான கூம்புக்கோ இருக்கும் கிணற்றில் மருந்தே இல்லாமலும் போகலாம். வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

நல்ல தண்ணீர், கெட்ட தண்ணீர் என்ற பிரிவும் அப்போது வலுப்பட்டது. எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் நல்லது. அதை நிறுத்தினால் எண்ணெயும் நின்றுவிடும். எண்ணெயைத் தொடாமல் குறுக்கு வழியில் ஓடி வரும் தண்ணீர்தான் கெட்டது. வாட்டர் கட் 90 என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது, காய்ச்சலின் அளவை மட்டும் பார்த்து மருந்து எழுதுவதற்குச் சமம்.

1995-இல் சான் என்ற பொறியாளர், தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் உள்ள விகிதம் நாளாக நாளாக எப்படி ஏறுகிறது என்று வரைந்து, வளைவின் சரிவைக் கொண்டே கூம்பா, குறுக்கு வழியா என்று சொல்லும் முறையை முன்வைத்தார். எளிதான முறை, உலகமெங்கும் பரவியது. நியூ மெக்ஸிகோவில் பல்லாண்டு இதையே ஆராய்ந்த ராண்டி செரைட், அந்தப் படம் ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாறுவோம் என்று எச்சரித்தார். செரைட் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து. கிணற்றுக்குள் சுழலியை இறக்கி எந்த ஆழத்தில் திரவம் நுழைகிறது என்று பார்ப்பது, வெப்பநிலையை அளப்பது, குழாய்க்குப் பின்னால் சிமென்டின் பிடிப்பை ஒலி அலையால் சோதிப்பது, பக்கத்துக் கிணற்றில் அடையாளப் பொருளைக் கலந்துவிட்டு இங்கே எத்தனை நாளில் வருகிறது என்று காத்திருப்பது என எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். செலவாகும். தவறான இடத்தில் அடைக்கும் செலவைவிட அது குறைவு.

அடைக்கும் பொருளிலும் ஒரு பெரிய தாவல் நடந்தது. 1980களில் மாரத்தான் ஆயில் நிறுவனத்தின் ராபர்ட் சிடான்ஸ்க், பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமரைத் தண்ணீரில் கரைத்து, குரோமியம் உப்பைச் சேர்த்து, உள்ளே போன பிறகு ஜெல்லாக உறையும் கரைசலை உருவாக்கினார். செலுத்தும்போது அது தண்ணீர்போல ஓடும். பாறைப் பிளவுக்குள் தூரம் போய், அங்கே கட்டியாகும். சிமென்ட் எட்டாத இடத்தை அது எட்டியது. வயோமிங் மாநிலத்துப் பழைய வயல்களில் அது நன்றாகவே வேலை செய்தது. சில ஜெல்களுக்கு விசித்திரமான ஒரு குணமும் உண்டு. தண்ணீரை அதிகம் தடுக்கும், எண்ணெயைக் குறைவாகத் தடுக்கும். இதைக் கேட்டதும் சிலர், இடம் பார்க்காமல் எல்லா அடுக்கிலும் செலுத்தலாம் என்று கிளம்பினார்கள். பிளவில்லாத சாதாரண மணற்பாறையில் அப்படிச் செய்தால் எண்ணெய் அடுக்கும் சேர்ந்தே பழுதாகும். எங்கே என்ற கேள்வியிலிருந்து தப்பிக்க எந்த ரசாயனமும் உதவாது.

கூம்புக்கு உண்மையான விடை வேறு திசையிலிருந்து வந்தது. நார்வேயின் ட்ரோல் கடல் வயல் 1979-இல் கண்டறியப்பட்டது. மேலே ஏராளமான எரிவாயு, கீழே தண்ணீர், நடுவே மெல்லிய எண்ணெய்ப் படுகை. மேற்கின் ஒரு பகுதியில் அந்தப் படுகையின் தடிமன் 22 முதல் 26 மீட்டர்தான். நேர்க்குத்தாகக் கிணறு போட்டால் மேலிருந்து வாயுவும் கீழிருந்து தண்ணீரும் வந்து சந்திக்கும். இந்த எண்ணெயை எடுப்பது ஆகாத காரியம் என்று கருதிய காலமும் உண்டு. நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனத்தார் கிணற்றைப் படுக்கவைத்தார்கள். எண்ணெய்ப் படுகைக்குள்ளேயே கிலோமீட்டர் கணக்கில் கிடைமட்டமாக ஓடும் கிணறு, நீண்ட தூரம் முழுக்க மென்மையாக உறிஞ்சும். ஓர் இடத்தில் பலமாக இழுத்தால்தானே கூம்பு எழும். 1995-இல் அங்கே எண்ணெய் உற்பத்தி தொடங்கியது.

படுத்த கிணற்றிலும் ஒரு சிக்கல். வாய்ப்பக்கம் அதிகமாகவும் கடைக்கோடிப் பக்கம் குறைவாகவும் உறிஞ்சும். வாய்ப்பக்கத்தில் தண்ணீர் முந்திக்கொண்டு வரும். அதே ட்ரோல் வயலுக்காக நார்ஸ்க் ஹைட்ரோ, குழாய் நெடுக உள்வரத்தைச் சமப்படுத்தும் கருவிகளை வைத்தது. முந்தி ஓடும் இடத்தை அவை நெருக்கிப் பிடிக்கும். பிறகு வந்தவை இன்னும் ஒரு படி மேலே: கெட்டியான எண்ணெய் வந்தால் திறந்து விட்டு, நீர்த்த தண்ணீரோ வாயுவோ வந்தால் உள்ளிருக்கும் சிறு தட்டு தானாக எழும்பி வழியைக் குறுக்கிவிடும். கம்பி கிடையாது, மின்சாரம் கிடையாது, மேலேயிருந்து யாரும் கட்டளையிட வேண்டியதும் இல்லை. நீர் பட்டால் தானே உப்பிக்கொண்ட ஆளிவிதையின் நேர் வாரிசு என்று இதைத்தான் சொல்வேன். இரண்டு கருவிகளுக்கு நடுவே தடுப்புச் சுவராக நிற்பதும் பெரும்பாலும் ஊறும் ரப்பர்தான்.

நம் நாட்டில் மும்பை ஹை 1974-இல் கண்டறியப்பட்டு, 1976-இல் உற்பத்திக்கு வந்தது. அழுத்தம் குறையாமலிருக்க 1984 முதல் கடல்நீரை உள்ளே செலுத்துகிறார்கள். அடுக்கடுக்கான சுண்ணாம்புப் பாறை அது. செலுத்திய நீர் எல்லா அடுக்கிலும் ஒன்றுபோலப் பரவுவதில்லை. சில அடுக்கு வழியே முந்திக்கொண்டு வந்துவிடும். நாமே ஊற்றும் தண்ணீர் எண்ணெயைத் தள்ளாமல் நம்மிடமே திரும்பி வந்தால் அது கெட்ட தண்ணீர்தான். பழைய கிணறுகளிலிருந்து பக்கவாட்டில் கிளை துளைத்து, விட்டுப்போன எண்ணெயைத் தேடுவது அங்கே பல ஆண்டுகளாக நடந்துவருகிறது.

காவிரிப் படுகைக்கு வருவோம். நரிமணம், கமலாபுரம், கோவில்களப்பால், அடியக்கமங்கலம், குத்தாலம் என்று ஊர்ப் பெயரோடு எண்ணெய் சேர்ந்துபோய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. 2020-இல் டெல்டா பகுதி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் வந்தது. புதிய கிணறுகளுக்கு அது கதவை மூடியது. முன்பே இருந்தவை தொடர்கின்றன. அப்போதைய வாதமெல்லாம் புதிய கிணறு வேண்டுமா வேண்டாமா என்பதைச் சுற்றியே இருந்தது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை பழைய கிணறுகள். எண்ணெய்க் கிணறு மூப்படைவது என்றால் தண்ணீர் கூடுவது என்று பொருள். புதியது வராத இடத்தில் இருப்பவை எல்லாமே மூத்துக்கொண்டு போகும். வயலுக்கு நடுவே நிற்கும் ஒரு கிணற்றிலிருந்து வரும் உப்புநீரை ஏற்றிச் செல்லும் குழாயில் ஒரு கசிவு விழுந்தால் என்ன ஆகும் என்று களர் நிலத்தோடு போராடிய எந்த விவசாயியிடம் கேட்டாலும் சொல்வார். எண்ணெய்க் கறையாவது கண்ணுக்குத் தெரியும். உப்பு, பயிர் காய்ந்த பிறகுதான் தெரியும்.

மேலே வந்த தண்ணீரை என்ன செய்தார்கள் என்பது இந்தக் கதையின் வெட்கமான பகுதி. நெடுங்காலம் ஓடையில் விட்டார்கள். இல்லையென்றால் பக்கத்தில் குழி வெட்டி ஊற்றினார்கள். டெக்சஸ் மாநிலத்தின் கிழக்கு டெக்சஸ் வயல் 1930-இல் கண்டறியப்பட்ட மாபெரும் வயல். அங்கே உப்புநீர் ஆறுகளைக் கெடுத்ததால், 1942-இல் அதை மறுபடி பாறைக்குள் செலுத்தவென்றே ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதனால் ஆறுகள் தப்பின. வயலின் அழுத்தமும் நிலைத்தது, எண்ணெயும் கூடுதலாகக் கிடைத்தது. அத்தனை நல்லது கண்ணெதிரே நடந்தும், மாநிலம் முழுவதும் குழிகளில் ஊற்றுவதைத் தடை செய்ய 1969 ஆயிற்று.

பூமிக்குள் திருப்பிச் செலுத்துவதும் எப்போதும் குற்றமற்றதல்ல. ஓக்லஹோமாவுக்குத் திரும்புகிறேன். 2008-க்கு முன்பு அங்கே 3 ரிக்டருக்கு மேற்பட்ட நிலநடுக்கம் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ வரும். 2015-இல் மட்டும் ஏறக்குறைய 900 வந்தன. 2016 செப்டம்பர் 3 அன்று பானி என்ற ஊரருகே 5.8 அளவில் ஒன்று, அந்த மாநிலம் கண்டவற்றிலேயே பெரியது. காரணம், எண்ணெயோடு வெள்ளமாக வந்த உப்புநீரை ஆர்பக்கிள் என்னும் ஆழமான பாறை அடுக்கில் கொட்டியதுதான். ஒரு பீப்பாய் எண்ணெய்க்குப் பத்துப் பீப்பாயும் அதற்கு மேலும் தண்ணீர் தரும் பாறைகளில், எண்ணெய் விலை ஏறிய துணிவில் கிணறுகளை அடுக்கினார்கள். அத்தனை நீரும் பழைய நிலப்பிளவுகளுக்கு அழுத்தம் ஏற்றியது. செலுத்தும் அளவைக் குறைக்கச் சொல்லி அரசு உத்தரவிட்ட பிறகு நடுக்கங்கள் குறைந்தன. தண்ணீரைச் சிமென்டால் தடுக்கும் தொழில் வளர்ந்த அதே மண்ணில், நூறாண்டுக்குப் பிறகு, தடுக்காமல் விட்ட தண்ணீர் வீட்டுச் சுவர்களை விரித்தது.

ஓமானின் நிம்ர் வயலில் வேறொரு வழி கண்டார்கள். அங்கும் எண்ணெயைப்போலப் பத்து மடங்கு தண்ணீர் வருகிறது. முன்பு பெரிய பம்புகளால் ஆழத்துக்குள் தள்ளினார்கள். இப்போது பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான ஹெக்டேரில் நாணல் வளர்த்து, தண்ணீரைச் சரிவிலேயே அதன் வேர்களினூடாக ஓடவிடுகிறார்கள். மிச்ச எண்ணெயை வேரோடு வாழும் நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. நாளொன்றுக்கு ஒரு லட்சம் கன மீட்டருக்கு மேல் இப்படிச் சுத்தமாகிறது. வலசைப் பறவைகள் வந்து தங்குகின்றன. அழகான ஏற்பாடு, பார்க்க மனம் நிறையும். ஆனாலும் மேலே வந்த பிறகு செய்யும் சிகிச்சை அது. வரவேண்டாத தண்ணீருக்குச் சரியான இடம் அது பிறந்த பாறைதான்.

நார்வே அரசு தன் ஒவ்வொரு கடல் வயலிலிருந்தும் மாதந்தோறும் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு எரிவாயு, எவ்வளவு தண்ணீர் வந்தது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. காவிரிப் படுகைக் கிணறுகளுக்கும் அப்படி ஒரு கணக்கு தமிழில் வேண்டும். இந்த மாதம் இந்தக் கிணற்றில் எண்ணெய் இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு, அந்தத் தண்ணீர் போன இடம் இது என்று ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி ஒட்டட்டும். அளந்து வைத்திருக்கும் எண்கள்தான் அவை. டெல்டாவில் கிணறு நடத்துபவர்களும் அவர்களுக்கு அனுமதி தரும் அரசும் இதைச் செய்ய வேண்டும். கிராமசபையில் நாம் இதைக் கேட்க வேண்டும்.